உன் கல்லறையில் கிடப்பவனுக்கு ஐந்து விரல்

ஆழ்கடலின் செல்லப்பிள்ளையே, சங்குகளின் சக்கரவர்த்தியே, என் தங்கச்சி பெற்ற ஒரே ராஜாவே, ஏலே கஸ்பாரு,

மணப்பாடு முதல் தருவைகுளம் வரை பொய்யில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று பேரெடுத்த உன் தாய்மாமன் தொம்மை எழுதுகிறேன். இங்கே நான் சுகமில்லை. அங்கே நீ சுகமா என்று கேட்கலாம் என்றால், 'அங்கே' என்பது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நீ போன இந்த ஒரு வருஷமாக ஆளாளுக்கு ஒரு விலாசம் சொல்லுகிறார்கள்.

உனக்குக் கடிதம் எழுதச் சொன்னவர் நம் பங்குச்சாமி. நவம்பர் ஆத்துமாக்களின் மாதம் அல்லவா, எல்லாரும் தங்கள் வீட்டில் இறந்தவர்களுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள், பங்கு இதழில் போடுவோம் என்று பூசையில் அறிவித்தார். என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "தொம்மை, உங்க கடிதத்துல திமிங்கலம் ஏதும் வராம பாத்துக்கிடுங்க" என்றார். வாக்குக் கொடுத்துவிட்டேன். இதில் திமிங்கலம் இல்லை. ஒரு சுண்டுவிரல்தான் இருக்கிறது.

முதலில் உன் மேல் ஒரு புகார். ஒரே முங்கில் இலங்கைக்குப் போய், அங்கே டீ குடித்துவிட்டு, வடையும் பொட்டலம் கட்டிக்கொண்டு திரும்பி வருவான் என் மருமகன் என்று ஊர் ஊராக உன் புகழைப் பரப்பி வைத்திருந்தேன். நீ என்ன செய்தாய்? எட்டு ஆள் ஆழத்தில் சங்கு பொறுக்கப் போன இடத்தில், காற்று வருகிற கம்ப்ரசர் டியூப் அறுந்து, கிணற்றில் விழுந்த பூனைக்குட்டி மாதிரி செத்துப்போனாய். ஒரு சுறாவாவது வந்து கவ்வியிருக்கக் கூடாதா? சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு கௌரவம் இருந்திருக்கும்.

படகில் இருந்தவர்கள் டியூபை இழுத்தார்கள். டியூப் வந்தது. நீ வரவில்லை.

கடலில் ஆள் கிடக்கும்போது யாரும் தொழிலுக்குப் போகக் கூடாது என்பது நம் ஊர்க் கட்டு. எல்லாப் படகும் உன்னைத் தேடித்தான் போயின. நாலு நாள் வரை ஊரே அழுதது. ஏழாம் நாள் முணுமுணுப்பு வந்தது. ஒன்பதாம் நாள் ஒருத்தன் என் முகத்தைப் பார்த்தே கேட்டான்: "மாமா, நண்டு தின்னது போக மிச்சம் எதைத்தான் தேடுதோம்?" அவன் கன்னத்தில் ஒன்று விட்டேன். ஆனால் கேள்வியில் தப்பு இருந்ததா, சொல்லு?

அன்றைக்கு உன் அம்மா பிலோமி தண்ணீரையும் நிறுத்திவிட்டாள். சோறு இல்லை, தண்ணீரும் இல்லை. "எம்பிள்ளை உப்புத்தண்ணியைக் குடிச்சுக்கிட்டு கெடக்கான். நான் நல்ல தண்ணி குடிக்கவா?" என்றாள். படகுச் சாமான் கடை வைத்திருக்கும் என் சேக்காளி, காயல்பட்டினத்துச் சேகு காக்கா, அவளைத் தேற்ற வந்தார். "கடல்ல முங்கி மவுத்தானவனுக்கு ஷஹீதோட அந்தஸ்தும்மா, தியாகி மாதிரி. அவன் எங்கன கெடந்தாலும் அல்லாவுக்கு அட்ரஸ் தெரியும்" என்றார். எவ்வளவு அழகான பேச்சு! உன் அம்மா தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "எனக்குத் தெரியணும் காக்கா. மந்திரிச்ச மண்ணுல கெடந்தாத்தான் கடைசி நாள்ல எந்திரிச்சு எங்கிட்ட வருவான். எனக்கு ஒரு குழி வேணும்."

பதினோராம் நாள் போலீஸ்காரர் போன் செய்தார். மணப்பாட்டுக்குத் தெற்கே ஒரு உடம்பு ஒதுங்கியிருக்கிறது, வந்து பார்க்கச் சொன்னார். பிணவறைக்குள் நான் மட்டும் போனேன்.

முகம் என்று ஒன்று இல்லை. பதினோரு நாள் உப்பில் ஊறினால் வேதக்காரன், இந்து, ராஜா, ரவுடி எல்லாரும் ஒரே ஜாடைக்கு வந்துவிடுகிறார்கள். உயரம் உன் உயரம். தோள் உன் தோள். நான் இடது கையைத் தூக்கிப் பார்த்தேன்.

உன் இடது சுண்டுவிரலை மூன்று வருஷத்துக்கு முன்னால் கம்ப்ரசர் பெல்ட் கடித்துத் துப்பியது. அந்தக் கையில் ஐந்து விரலும் இருந்தன. மீன் தின்றால் விரல் குறையும். விரல் முளைக்குமா?

இடுப்பில் கறுப்பு அருணாக்கயிறு. அதில் பித்தளைத் தாயத்து ஒன்று, ஒரு பக்கம் நசுங்கினது. நீ கட்டாத கயிறு, உன் அம்மா கட்ட விடாத தாயத்து. காவலாளி கையெழுத்துத் தாளை எடுக்க வெளியே போனான். அந்த இடைவெளியில் கயிற்றை அறுத்துச் சட்டைப்பைக்குள் போட்டேன். என் கழுத்தில் கிடந்த மாதா படம் தைத்த உத்தரியக் கயிற்றைக் கழற்றி அந்தக் கழுத்தில் மாட்டினேன். "ஆமா, எம்மருமகன்தான்" என்றேன். என் பேருக்குரிய புனிதர், உயிர்த்து வந்த ஆண்டவரின் காயத்தைத் தொட்டுப் பார்த்தபிறகு நம்பினார். நான் தொட்டுப் பார்த்து, இல்லை என்று தெரிந்தபிறகு ஆமாம் என்றேன்.

எழுபது வருஷமாக நான் சொன்ன எந்தப் பொய்யையும் ஊர் நம்பினதில்லை. இதை நம்பியது. பெட்டியைத் திறக்க வேண்டாம், பார்க்கிற நிலையில் இல்லை என்றேன். அதையும் நம்பியது. மூன்று சாமியார்கள் பூசை வைத்தார்கள். இரண்டு தெரு நீளத்துக்குக் கூட்டம். உன் அம்மா ஒரு பிடி மண் போட்டாள். வீட்டுக்கு வந்து ஒரு செம்புத் தண்ணீரை நின்றபடியே மடக்மடக்கென்று குடித்தாள். மறுநாள் படகுகள் கடலுக்குப் போயின.

என் நியாயம் உனக்குத் தெரியும். செத்தவன் செத்தான், அதுக்கு மேலே ஒண்ணுமில்லை என்று உன்னிடமே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். விளக்கை ஊதி அணைத்துவிட்டு, சுடர் எங்கே போச்சு என்று கேட்பாயா? அவ்வளவுதான். எந்தக் குழியில் எவன் கிடந்தால் எவனுக்கு நஷ்டம்? இதைவிடப் பெரிய ஞானி முத்துக்குளித்துறையில் பிறந்ததில்லை என்று நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன்.

நாற்பது நாள் கழித்துப் பேச்சியம்மாள் வந்தாள்.

சாத்தான்குளம் பக்கத்துக் கிராமம். வாழைத்தோட்டத்தில் கூலிவேலை. அவள் மகன் இசக்கிமுத்து, தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகிற தோணியில் வேலைக்குச் சேர்ந்தவன், நீ முங்கின அதே வாரம் தோணியிலிருந்து விழுந்துவிட்டானாம். கையில் அவன் போட்டோவை வைத்துக்கொண்டு கரையோர ஊர் ஒவ்வொன்றாக நடந்து வருகிறாள். நேரே என் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, இந்தப் பிள்ளைய எங்கனயாவது பாத்தியளா? இடுப்புல அருணாக்கயிறு கெடக்கும். இசக்கி கோயில் தாயத்து. சின்னதுல கதவிடுக்குல மாட்டி ஒரு பக்கம் நசுங்கியிருக்கும்."

"பாக்கலைம்மா" என்றேன்.

உன் அம்மா சும்மா இருப்பாளா? அவளை வீட்டுக்குள் இழுத்துப்போய்ச் சோறு போட்டாள். பிறகு கையைப் பிடித்துக் கல்லறைத் தோட்டத்துக்கே கூட்டிப்போனாள். நானும் பின்னால் போனேன். உன் பெயர் வெட்டின குருசுக்கு முன்னால் அவளை உட்கார வைத்து, "எனக்கும் பதினோரு நாள் கெடைக்கலை. ஆண்டவர்ட்ட கேட்டேன், குடுத்தாரு. நீங்களும் விடாம கேளுங்க" என்றாள்.

பேச்சியம்மாள் கல்லைத் தடவினாள். "யாரு பெத்த பிள்ளையோ. தண்ணியில செத்தவனுக்குத் தாகம் அடங்காதுன்னு எங்க ஊர்ல சொல்லுவாவ" என்று தன் பாட்டிலைத் திறந்து, மிச்சமிருந்த தண்ணீர் முழுவதையும் கல்லறை மேல் ஊற்றினாள்.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன் மருமகனே. பெற்றவள் பெற்ற பிள்ளைக்குத்தான் ஊற்றினாள். அது தெரிந்தவன் அந்தத் தோட்டத்தில் நான் ஒருத்தன்தான்.

அதோடு வாயை மூடியிருந்தால் நான் வெறும் திருடன். போகும்போது அவள் கேட்டாள்: "செத்தானா இருக்கானான்னு தெரிஞ்சாலாவது எள்ளுந்தண்ணியும் எறைச்சு, கருமாதி செஞ்சிருவேன். ஒண்ணுந் தெரியாம நான் என்ன அண்ணாச்சி செய்ய?" அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் வாய் தானாகத் திறந்துகொண்டது. மாலத்தீவுப் படகு ஒன்று யாரோ ஒரு பையனைக் கடலிலிருந்து தூக்கியதாகக் கேள்விப்பட்டேன், அங்கே ஆஸ்பத்திரியில் கிடக்கிறானாம், பேச்சு வரவில்லையாம், விசாரித்துச் சொல்லுகிறேன் என்றேன்.

அவள் சிரித்தாள். பல் தெரியச் சிரித்தாள்.

அதன்பிறகு வாரம் தவறாமல் போன். "அண்ணாச்சி, தகவல் உண்டா?" நான் சும்மா சொன்னால் போதாதா? வர்ணித்தேன். வலது காலில் கட்டு, மெலிந்திருக்கிறான், மலையாளத்து நர்ஸ் ஒருத்தி நல்லபடியாகப் பார்த்துக்கொள்கிறாள், உறைப்பில்லாத மீன்குழம்பை முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்கிறான் என்றெல்லாம் சொன்னேன். அவள் ஒரு வருஷமாகக் கருமாதி செய்யவில்லை. தினமும் அவனுக்கு ஒரு தட்டு எடுத்து வைக்கிறாள். இங்கே உன் அம்மா அவனுக்கு மெழுகுதிரி கொளுத்துகிறாள், கஸ்பாரே என்று கூப்பிட்டு. ஒருத்திக்குச் சாகாமலே இருக்கிறான், இன்னொருத்திக்குச் செத்து, பாவம் தீர உத்தரிக்கிற ஸ்தலத்து நெருப்பில் இருக்கிறான். ஒன்றையும் நம்பாத நான் இரண்டு பேருடைய நம்பிக்கைக்கும் அதிகாரியாக உட்கார்ந்திருக்கிறேன். கடவுள்கூட இவ்வளவு வேலை பார்த்திருக்க மாட்டார்.

போன வாரம் பேச்சியம்மாள் போனில் சொன்னாள்: "அண்ணாச்சி, பாஸ்போட் எடுத்துட்டேன். நானே போயிக் கூட்டியாந்துருதேன். அந்த ஆஸ்பத்திரி பேரை மட்டும் சொல்லுங்க."

ரயிலில்கூட ஏறாத பொம்பளை. போட்டோ எடுக்கும்போது காதை மறைக்கக் கூடாது என்று கொண்டையை இழுத்துக் கட்டினார்களாம், அதையும் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். ஏலே, நான் எந்த ஆஸ்பத்திரியின் பேரைச் சொல்ல?

டீக்கடைக்குப் போய், "கஸ்பார் கல்லறையில கெடக்கது கஸ்பார் இல்லலே" என்று சொல்லிப் பார்த்தேன். "சரிதான் மாமா, போன வாரம் திமிங்கலத்துக்கு மொட்டை போட்டீரு, இந்த வாரம் கல்லறையா?" என்று சிரித்தார்கள். எவனோ ஒருத்தன் எனக்கு வடை வாங்கிக் கொடுத்தான். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினதைக் கண்டால் மூன்று பேராவது சிரிப்பை நிறுத்தமாட்டார்களா?

இதுவரை எழுதினதை நேற்றுக் காலை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இலங்கை டீக்குச் சிரித்தாள். சேகு காக்கா பேசின இடம் வந்ததும் கண்ணைத் துடைத்தாள். சுண்டுவிரலுக்கு வந்தபோது, "போதும்ண்ணே, இதுலயெல்லாமா வெளையாடுவ?" என்றாள். நான் தாயத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

நசுங்கின பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். மிச்சத்தையும் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். பக்கத்தில் இருந்த தம்ளரை எடுத்துத் தண்ணீரை முற்றத்தில் கொட்டினாள். மறுபடியும் தண்ணீரை நிறுத்திவிட்டாள். இந்தத் தடவை அவளுக்குக் கொடுக்க என்னிடம் உடம்பு இல்லை.

"ஏளா, சேகு காக்கா சொன்ன மாதிரி..." என்று ஆரம்பித்தேன்.

"பேசாதே. நீ செத்தா உனக்கு நான் ஒரு திரி கொளுத்த மாட்டேன்" என்றாள்.

உத்தரிக்கிற ஸ்தலத்தை நான் நம்புகிறவன் இல்லை. பிறகு எதுக்குலே நேற்றிலிருந்து எனக்கு நெஞ்சு எரிகிறது?

பேச்சியம்மாளிடம் நான் மட்டும் போய்ச் சொல்லுகிறேன் என்றேன். "உன் வாயை நம்பியா? போற வழியிலயே அவனுக்கு மாலத்தீவுல கல்யாணம் முடிச்சு வச்சிருவ. அவ பிள்ளைய நான்தான் அவகிட்ட ஒப்படைக்கணும்" என்று தாயத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். நாளைக்கு முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் போகிறோம், வேறு வேறு சீட்டில். அங்கிருந்து போலீஸ் ஸ்டேஷன். குழியைத் திறக்க அதிகாரி உத்தரவு வேண்டுமாம். என்னை உள்ளே தள்ளினாலும் தள்ளுவார்கள். தள்ளட்டும்.

இசக்கிமுத்து போனதும் அந்தக் குழி காலியாகும். அதை எனக்குக் கொடுக்கச் சொல்லிப் பங்குச்சாமியிடம் கேட்கப் போகிறேன். பேராசை இல்லை மருமகனே, ஒரு வேலை இருக்கிறது. கடைசி நாள் என்று ஒன்று வந்து தொலைந்தால், உன் அம்மா பழக்கதோஷத்தில் அங்கேதான் முதலில் ஓடி வருவாள். "கஸ்பாரு" என்று கூப்பிடுவாள். மண்ணைத் தட்டிக்கொண்டு நான் எழுந்திருப்பேன். இடது கையை விரித்து ஐந்து விரலையும் காட்டுவேன். "நான் இல்லளா, அவன் அங்கன வாரான் பாரு" என்று கடல் பக்கம் கையை நீட்டுவேன். உண்மையை மட்டும்தான் சொல்வேன், இது சத்தியம்.

அன்றைக்காவது என்னைப் பொய்யனாக்கிவிடாதே. வந்து சேர்ந்துவிடு.

இப்படிக்கு,
திரி இல்லாமல் சாகப்போகிற உன் தாய்மாமன்
தொம்மை