நிலா இல்லை, நீலா

என் நீலாக்காவுக்கு,

உன் பேத்தி அஞ்சு பெற்ற பெண்பிள்ளைக்கு உன் பெயர் வைத்தாயிற்று. நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர் வைத்த இடத்தில் ரத்தம் சிந்தியது என்பது இரண்டாவது செய்தி. சிந்த வைத்தவன் நான்.

நீ போனபோது எனக்கு இருபத்துமூன்று வயது. இப்போது எழுபது தாண்டிவிட்டது. பாறசாலைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நான் படித்தது மலையாளம், அதுவும் நாலாம் வகுப்போடு சரி. தமிழ் எழுத்தைக் களியக்காவிளையில் நிற்கிற பஸ்களின் போர்டைப் பார்த்தும், குன்னத்துகால் சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்த காலத்தில் கைக்குக் கிடைத்த பழைய பத்திரிகைகளைப் பார்த்தும் நானே கற்றுக்கொண்டேன். ஊரார் படிக்கட்டும் என்றுதான் இதைப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். அன்றைக்கு என் வாயை மூடச் சொன்னது ஊரார்தானே?

உன்னைக் கட்டியவனை இன்றுவரை நான் அத்தான் என்று சொன்னதில்லை. அவனும் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. 'எடீ' என்பான், இல்லையென்றால் கையில் கிடைத்ததை எறிவான். தென்னை மட்டையால் அடித்து உன் இடதுகை எலும்பை முறித்தான். தொழுவத்தில் வழுக்கி விழுந்ததாக நீ அம்மாவிடம் சொன்னாய். கொதிக்கிற கஞ்சியை முதுகில் ஊற்றினான். பானை சரிந்துவிட்டது என்றாய். அவனுக்காக எதற்கு இத்தனை பொய் சொன்னாய், அக்கா?

கடைசிப் பொய்யை அவனே சொன்னான். துணி அலசப் போனவள் குளத்தில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றான். உன்னைப் பாயில் கிடத்தியபோது உன் கழுத்தை நான் பார்த்தேன். தண்ணீருக்கு விரல் உண்டா?

குலை வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு ஓடினேன். நாலைந்து பேர் சேர்ந்து என்னை மண்ணில் அமுக்கினார்கள். ஒருவன் பிடரியில் முழங்காலை ஊன்றினான். உன் மகன் சுரேஷுக்கு அப்போது நாலு வயது. அம்மை போய்விட்டாள், பிள்ளைக்கு அப்பனாவது மிஞ்சட்டும் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். அவர்கள் என்னை விட்டபோது நீ எரிந்து முடிந்திருந்தாய்.

அதற்குப் பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். அவன் வீடு நிற்கிற விளையை ஒட்டியே இடம் வாங்கி வீடு வைத்தேன். தினமும் விழிக்கும்போது என் முகத்தில் அவன் விழிக்க வேண்டும் என்பதற்காக. சுரேஷ் அந்தப் பக்கம் வளர்ந்தான், அப்பன் சொன்னதையே நம்பினான். ஆனால் அவன் மகள் அஞ்சு என் வீட்டுக்கும் வந்துபோய் வளர்ந்தவள். நான் கண்டதை அவளிடம் மறைக்கவில்லை.

அவளுக்கு நெய்யாற்றின்கரையில் ஒரு லேபில் வேலை. பிரசவத்துக்கு இங்கே வந்திருந்தவள் ஒரு சாயங்காலம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"பாட்டா, பேரு முடிவாச்சு. நீலா."

அப்படிச் செத்தவளின் பெயரைப் பிள்ளைக்கு இடுவது நம் பக்கத்து வழக்கமில்லையே, மாப்பிள்ளை வீட்டார் சம்மதிப்பார்களா என்று கேட்டேன். மாப்பிள்ளைக்கு எல்லாம் தெரியுமாம். பழைய பெயருக்குத்தான் இப்போது மவுசு என்று அவனும் ஒத்துக்கொண்டானாம். காஞ்சிரங்குளத்தில் இருக்கிற மாமியார் மட்டும் அதை நிலா என்று எண்ணிக்கொண்டு, எங்கள் தெருவிலேயே இரண்டு நிலா உண்டு, ஆனாலும் நல்ல பெயர்தான் என்றாளாம்.

"நிலான்னு நினைக்கவங்க நினைச்சுக்கட்டும். அப்பூப்பனுக்க வாயில இருந்து நீலான்னு வரணும் பாட்டா. மூணு தடவ வரணும்."

அப்போதுதான் விளங்கியது. பிறந்த இருபத்தெட்டாம் நாள் அரைச்சரடு கட்டுகிற இருபத்தெட்டுக் கெட்டு அன்றைக்குப் பிள்ளையின் ஒரு காதை வெற்றிலையால் பொத்தி, மறு காதில் மூன்று முறை பெயர் சொல்ல வேண்டியவர் வீட்டின் மூத்த ஆண். அந்த வீட்டில் மூத்தது அவன்தான், அஞ்சு அப்பூப்பன் என்று கூப்பிடுகிற அவள் தாத்தா. ஆயுசில் ஒரு தடவை கூடச் சொல்லாத பெயரை அவனைச் சொல்ல வைக்கப் பார்க்கிறாள் உன் பேத்தி.

எனக்கு அது பிடிக்கவில்லை. உன் கழுத்தை நெரித்தவன் மடியில் உன் ரத்தத்தை வைப்பதா? அந்த வாய் பிள்ளையின் காதருகே போவதா? சண்டை போட்டேன்.

"நீங்க கத்திய எடுத்தீங்களே, என்ன நடந்து?" என்று கேட்டாள்.

கெட்டு அன்றைக்குப் போய் வாசலோரம் நின்றேன். மாப்பிள்ளை பிள்ளையின் அரையில் கறுப்புச் சரடு கட்டினான். கிழவன் கரைவேட்டி உடுத்து விளக்கின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தான். அந்த வயதிலும் அவன் கைகள் கனத்தே இருந்தன. பிள்ளையை மடியில் வாங்கினான். வெற்றிலையால் காதைப் பொத்திக் குனிந்தான்.

"நிலா," என்றான்.

அஞ்சு அவன் எதிரில் மண்டியிட்டாள். "நிலா இல்ல அப்பூப்பா. நீலா. அம்மூம்மைக்க பேராக்கும். சொல்லுங்க."

அவன் மறுபடி குனிந்து நிலா என்றே சொன்னான். அஞ்சு மறுபடி திருத்தினாள். போதும், விட்டுவிடு என்றான் சுரேஷ். அவள் எழுந்திருக்கவில்லை.

"ரெண்டும் ஒண்ணுதான்," என்றான் கிழவன். "செத்தவளுக்க பேரு இப்பம் எதுக்கு?"

அஞ்சு பிள்ளையை அவன் மடியிலிருந்து வாரி எடுத்துக்கொண்டு விலகினாள். அவள் விலகிய இடத்தில் நான் நின்றேன். கையை மடக்கி அவன் வாயில் குத்தினேன். பல்செட் தெறித்து விளக்கடியில் விழுந்தது. அடுத்த குத்தில் மூக்கு உடைகிற சத்தம் எனக்கே கேட்டது. கரைவேட்டி சிவந்தது. பிறகு கழுத்தைப் பிடித்தேன், அக்கா. ஐந்து விரலும் பதியப் பிடித்தேன்.

"அவளுக்க பேரச் சொல்லுலே."

கண் பிதுங்கியது. அப்போதும் சொல்லவில்லை.

என்னைப் பிய்த்து எடுத்தவன் உன் மகன். எடுத்ததோடு விடவில்லை. கீழே தள்ளி நெஞ்சில் மிதித்தான். விலா எலும்பு ஒடிந்ததைப் பிறகு டாக்டர் சொன்னார். அவன் அழுதுகொண்டே மிதித்தான்.

"எனக்க அப்பனாக்கும் மாமா."

"அவ உனக்க அம்மையாக்கும்லே."

கால் அந்தரத்தில் நின்றுவிட்டது. உன் முகம் அவனுக்கு நினைவிருக்கிறதா? நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்தக் களேபரத்தின் நடுவில் அஞ்சு சுவரோரம் உட்கார்ந்து, பிள்ளையின் காதில் தானே பெயரைச் சொன்னாள். பெற்றவள் சொல்கிற வழக்கமில்லை. மூன்று முறையும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். மாமியார் கிளம்பும்போது, தரையில் கிடந்த என்னைக் குனிந்து பார்த்து, "சத்யமாணோ?" என்று மட்டும் கேட்டாள். அவன் உன்னைக் கொன்றது உண்மையா என்று கேட்கிறாள். ஆமென்று தலையசைத்தேன். அந்த அம்மாள் போய்ப் பிள்ளையின் காலைத் தொட்டு, நீலா என்று திருத்தமாகச் சொல்லிவிட்டு வண்டி ஏறினாள்.

இப்போது சுரேஷ் ஆள் அனுப்பியிருக்கிறான். கிழவன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டால் பிள்ளையைப் பார்க்கலாம், இல்லையென்றால் வேலி தாண்டக் கூடாதாம். வந்தவர், வயதான காலத்தில் எதற்கு இந்த வாசியும் வீம்பும், ஒரு தடவை குனிந்துவிட்டு வாரும் என்றார்.

"விலா ஒடிஞ்சு கெடக்கு ஓய். குனிய முடியாது," என்றேன்.

எலும்பு கூடிய பிறகும் குனிய மாட்டேன், அக்கா. அவன் பிணத்துக்கும் போக மாட்டேன். பிள்ளையைத் தூக்க விடாவிட்டால் வேண்டாம். காலையில் அஞ்சு அவளை இளவெயில் காட்ட முற்றத்துக்குக் கொண்டுவருகிறாள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நீலா என்று நான் கூப்பிடுகிறேன். அவன் படுத்திருக்கிற அறையின் ஜன்னல் நேர் எதிரே இருக்கிறது. கூப்பிடும்போது நெஞ்சு வலிக்கிறது. இன்று காலை உள்ளேயிருந்து யாரோ அந்த ஜன்னலை அடைத்தார்கள். நாளைக்கு இன்னும் சத்தமாகக் கூப்பிடுவேன். என் மூச்சு நிற்கிற வரைக்கும் கூப்பிடுவேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் பெயரை விட்டுக்கொடுக்காத,
உன் கூடப்பிறந்த தம்பி.