கணவாய் ஏற நல்ல மாதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

முதலில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது, சொல். தைலம் தீர்ந்திருந்தால் வாங்கிக்கொள், சிக்கனம் பார்க்காதே. நான் நன்றாக இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறேன், விடுதியில் சமைப்பதே நான்தானே!

இங்கே வருகிற எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: மலைக் கணவாயைக் கடக்க எந்த மாதம் நல்லது? கோடையில் பனி இளகிக் கால் புதையும், மழையில் பாதை சரியும், மழை விட்டதும் போங்கள் என்று மனப்பாடமாக ஒப்பிப்பேன். இப்போது அந்தப் பருவம்தான். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது.

போன வாரம் ஒருவர் தனியாக வந்தார், பள்ளிக்கூட வாத்தியாராம். உள்ளே நுழைந்ததுமே, "அப்பாடா, என்ன குளிரு!" என்றார். தமிழ்! கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். காலையில் ஏறலாமா என்று கேட்டவரிடம், "மேல காத்து சரியில்ல சார், ரெண்டு நாள் பொறுத்துப் போங்க" என்று வாய் கூசாமல் புளுகினேன். இரண்டு நாளும் அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். கிளம்பும்போது பையை மாட்டிக்கொண்டே, "காத்து மொத நாளே நல்லாத்தான் இருந்துச்சு, தம்பி" என்று சிரித்தார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை.

பார்சல் அனுப்பினால் பழைய வாரப் பத்திரிகை இரண்டு வை. மளிகை கட்டி வந்த தாளானாலும் சரி, தமிழ் இருந்தால் போதும்.

கீழே இறங்கும் கழுதைக்காரர் கடிதத்துக்காக நிற்கிறார். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பனி விழுந்ததும் கணவாயை மூடிவிடுவார்கள். கூரைப் பனியைத் தள்ள முதலாளி என்னை மட்டும் இருக்கச் சொல்லியிருக்கிறார். வேலை குறைவுதான், கவலைப்படாதே. எந்த மாதம் நல்லது என்று கேட்கத்தான் ஆள் இருக்காது.

உன் மகன்