படிக்கட்டில் விழாத முழங்கால்

என் பின்வரிசைக்காரனுக்கு,

போன சனிக்கிழமை காலை பேத்தி உதைபந்தாட்டப் பயிற்சி முடிந்து நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பெண்கள் அணியில் அவளும் உன்னைப் போலப் பின்வரிசைதான். முழங்கால் வீங்கியிருந்தது. என் கை என்னைக் கேட்காமலே அலுமாரியைத் திறந்து, வலிக்குத் தேய்க்கும் நோ எண்ணெய்ப் போத்தலை எடுத்துவிட்டது. மூடியைத் திருகியதும் அந்த மணம் அறை முழுக்கப் பரவியது. கற்பூரமும் யூகலிப்டஸும் ஏதேதோ வேர்களும் கலந்த, கண்ணைக் கரிக்கும் மணம். அப்படியே நின்றுவிட்டேன்.

அவள், அம்மாவின் அப்பாவுக்கான டேனிஷ் சொல்லால் என்னைக் கூப்பிட்டு, டேனிஷிலேயே கத்தினாள். "மோர்ஃபார், அதைக் கொண்டு வராதேங்கோ! வீங்கின உடன சூடு காட்டினா இன்னும் வீங்கும். ஐஸ்தான் வைக்கவேணும். இதுகூடத் தெரியாதோ?"

தெரியும். எனக்கு அது தெரிந்து நாற்பது வருடம் ஆகப்போகிறது. உன் முழங்காலில்தான் அதைப் படித்தேன்.

உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நல்லதாகப் போயிற்று, வெட்கப்படாமல் எழுதலாம். நாம் இருவரும் பேசியது அரைகுறை ஆங்கிலம். அரை என்னுடையது, குறை உன்னுடையது என்று நான் சொல்வேன், ஏனென்றால் உன் ஊர் ஆங்கிலம் எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. இப்போது நீ பேசியதெல்லாம் என் நினைவில் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன், கோபிக்காதே.

எண்பத்தாறாம் ஆண்டு, டென்மார்க்கில் இந்த ஹேர்னிங் ஊரின் அந்தப் பின்னல் துணித் தொழிற்சாலை. நான் அகதியாக வந்து, வதிவிடக் கடதாசி கிடைத்து, நூல் பெட்டிகளை வண்டியில் தள்ளும் வேலையில் சேர்ந்த முதல் வாரம். அடுத்த வண்டியைத் தள்ளியது நீ. முன்பல் ஒன்று இல்லை, மூக்கு இரண்டு இடத்தில் வளைந்திருந்தது. இவன் சண்டியன், தள்ளியே நிற்போம் என்றுதான் முதலில் நினைத்தேன். நீ இங்கிலாந்தில் தொழில்முறை உதைபந்தாட்டக்காரனாய் இருந்தவன் என்று ஒருவர் சொன்னபோது நான் நம்பவில்லை. தொழில்முறைக்காரன் ஏன் நூல் பெட்டி தள்ளுகிறான்? இங்கே அந்த நாளில் பகலில் வேலை, மாலையில் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், அதற்கு ஒரு ஒப்பந்தம், கிளப் கொடுத்த ஒரு சின்ன வீடு, அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியாது.

நான் ஊரில் எங்கள் கழகத்துக்கு இடது பின்வரிசையில் ஆடியவன் என்று சொன்னதும் நீ வண்டியை நிறுத்தினாய். சாப்பாட்டு இடைவேளையில் ஒரு பெட்டி மூடியைக் கவிழ்த்துப் போட்டு, துணியில் அடையாளம் போடும் சோக்கால் இங்கிலாந்தைக் கீறினாய். அது இங்கிலாந்து என்று நீ சொன்னதால் தெரிந்தது. வடக்கே ஒரு புள்ளி வைத்தாய். நிலக்கரி ஊர், பதினாறு வயது, பெரிய ஆட்டக்காரர்களின் சப்பாத்துத் துடைக்கும் வேலை. பத்தொன்பது வயதில் முதல் அணி. மூன்றாம் பிரிவில் ஆறு வருடம். பிறகு ஒரு கடற்கரை ஊர், இரண்டாம் பிரிவு. அதுதான் நீ ஏறிய உயரம். இரண்டு வருடத்தில் அந்த அணி கீழே இறங்கியது, நீயும் கூடவே இறங்கினாய். அதன்பின் நான்காம் பிரிவு, இடையில் மூன்று மாதம் இன்னொரு கிளப்புக்கு இரவல், மறுபடி நான்காம் பிரிவு. முப்பத்திரண்டு வயதில் ஒரு காலை, சுவரில் குத்தியிருந்த பட்டியலில் உன் பெயர் இல்லை. யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. பட்டியலைப் பார்த்துத்தான் நீ தெரிந்துகொண்டாய். கடைசிப் புள்ளிக்கு மூடியில் இடம் போதாமல் மேசையில் வைத்தாய். அது டென்மார்க்.

"உன்ர பேர் பேப்பரில வந்ததோ?" என்று கேட்டேன்.

"ஓம், எத்தினையோ தரம். என்னைத் தாண்டிப் போய்க் கோல் அடிச்சவன்ர பேருக்குப் பக்கத்தில."

அந்தக் கோடையில் உலகக் கிண்ண ஆட்டங்களுக்காக நாடு முழுக்கச் சிவப்பு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் கிடந்தது. நான் உன் ஆட்டத்தைப் பார்க்கப் போனேன். அழகாக ஆடினாய் என்று பொய் சொல்லமாட்டேன். மரக்கட்டை மாதிரி நின்றாய். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். கோல் விழுந்ததும் எல்லாப் பின்வரிசைக்காரர்களும் கையை நீட்டி மற்றவனைக் குற்றம் சொல்வார்கள். ஊரில் நாங்களும் அப்படித்தான், ஆட்டம் முடிந்தும் ஒழுங்கைவரை அந்தச் சண்டை வரும். நீ வலைக்குள் போய்ப் பந்தை எடுத்தாய். கமக்கட்டில் வைத்துக்கொண்டு நடுவட்டம்வரை நடந்தாய். ஒருவனையும் பார்க்கவில்லை. பிழை விட்ட பொடியன் உன் பின்னால் தலை குனிந்து வந்தான்.

"ஏன் நீ போய் எடுக்கிறாய்?" என்று திங்கட்கிழமை கேட்டேன்.

"ஆரும் ஒருத்தன் எடுக்கத்தானே வேணும். ஆற்ற பிழை எண்டு கதைச்சுக்கொண்டு நிண்டா நேரம் போயிடும்."

பிறகு நான் மூன்றாம் அணியில் ஆடத் தொடங்கினேன். எங்கள் மைதானத்தில் ஆட்டம் நடக்கும் நாட்களில், உடுப்புக்குப் பொறுப்பாயிருந்த ஸ்வென்னுக்குக் கூடைகள் தூக்கிக் கொடுப்பேன். இலையுதிர் காலம் வந்தது. ஒப்பந்தம் முடிகிற நேரம். கடைசி ஆட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்று கிளப் தலைவர் சொல்லியிருந்தார். கிடைத்தால் இன்னும் ஒரு வருடம், அதன்பிறகு சிறுவர் அணிக்குப் பயிற்சியாளர். கிடைக்காவிட்டால் வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இங்கிலாந்தில் தங்கையின் வீட்டுக்குப் போகவேண்டும்.

"ஒன்பது வீடு மாறிட்டன்," என்றாய். "இந்த வீட்டு யன்னலில ஒரு வயல் தெரியுது. எனக்கு இதில நிக்கவேணும்போல கிடக்கு."

நாட்டையே விட்டுவிட்டு வந்தவன் நான். அந்தச் சொல் எனக்கு எங்கே போய்க் குத்தியது என்று உனக்குத் தெரிந்திராது.

புதன்கிழமைப் பயிற்சியில் உன் வலது முழங்கால் திருகிக்கொண்டது. ஒருவருக்கும் சொல்லாமல் வேலைக்கு வந்தாய். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் நானே உன் வீட்டுக்கு வந்தேன், கோட்டுப் பைக்குள் போத்தலோடு. ஊரிலிருந்து புறப்படும்போது அம்மா கொடுத்துவிட்ட நோ எண்ணெய். எங்கள் ஊரில் சுளுக்கோ பிரட்டலோ எதுவானாலும் எண்ணெயைச் சூடாக்கி உருவிவிடுவார்கள், அதன்மேல் வெந்நீர் ஒத்தடம். இதைவிட வேறு வைத்தியம் இருக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. ஒரு மணிநேரம் இரண்டு பெருவிரலாலும் அழுத்தி உருவினேன். நீ தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாய். இடையில் சிரித்தாய்.

"உங்கட ஊரில ஆக்கள் இதால சாகிறேல்லையோ?"

"கதைக்காமல் கிட. ஞாயிற்றுக்கிழமை நீ ஓடுவாய்."

சனிக்கிழமையும் வந்து உருவினேன். ஞாயிற்றுக்கிழமை காலை உன் முழங்கால் தேங்காய் அளவு இருந்தது. மடிக்க முடியவில்லை. காற்சட்டை ஏறவில்லை.

உடுப்பு மாற்றும் அறையில் பயிற்சியாளரும் தலைவரும் உன் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "என்ன நடந்தது?" என்று தலைவர் கேட்டார். நான் கூடையைப் பிடித்துக்கொண்டு கதவடியில் நின்றேன். போத்தல் என் கோட்டுப் பைக்குள் இருந்தது. நீ என்னை ஒருதரம் பார்த்தாய். பிறகு, "வீட்டுப் படிக்கட்டில விழுந்திட்டன்," என்றாய்.

நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். அப்போதுதான் வந்திருந்த வேலை, அப்போதுதான் கிடைத்த கடதாசி, என்னை நம்பிப் பழகத் தொடங்கிய மனிதர்கள், எல்லாம் போய்விடும் என்று பயந்தேன். அது ஒரு சாட்டு என்று எனக்கே தெரியும். பயந்தேன், அவ்வளவுதான். அன்று உன் இடத்தில் இருபது வயதுப் பொடியன் ஒருவன் ஆடினான், நன்றாக ஆடினான். ஒப்பந்தம் அவனுக்குப் போனது.

புகையிரத மேடையில் உன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "அந்த எண்ணெய்..." என்று தொடங்கினேன். நீ என் தோளில் கையை வைத்தாய். "கோல் விழுந்திட்டுது. பந்தை எடுத்தாச்சு. விடு," என்றாய். ரயில் போய்விட்டது.

பிறகு நீ பள்ளிக்கூட பஸ் ஓட்டினாய். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் ஒரு வரியோடு ஒரு அட்டை வரும். இந்த முறை அட்டையை உன் தங்கை எழுதியிருந்தாள், நீ போய்விட்டாய் என்று. கிழமைக்கணக்கில் அதை மேசையிலேயே வைத்திருந்தேன், அலுமாரிக்குள் வைக்க மனம் வரவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லவேண்டும். உன் படம் இன்னும் கிளப்பின் சுவரில் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் கடைசி ஆட்டத்துக்குப் பிறகு கோப்பி குடிக்கும்போது ஸ்வென் அந்தப் படத்தைக் காட்டிச் சொல்வான்: "எங்கட மிகத் திறமான பின்வரிசைக்காரன். ஒரு படிக்கட்டிட்ட தோத்துப்போனான்." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இத்தனை வருடமாக, ஒவ்வொரு வருடமும், அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

சனிக்கிழமை பேத்தியின் முழங்காலுக்கு ஐஸ் கட்டிவிட்டு நேரே கிளப்புக்குப் போனேன். ஸ்வென்னுக்கு எண்பது தாண்டிவிட்டது, ஆனாலும் சனிக்கிழமைகளில் வந்து உட்கார்ந்திருப்பான். கோப்பியைக்கூடத் தொடாமல் சொன்னேன். படிக்கட்டு இல்லை, நான்தான், இரண்டு நாள் சூட்டெண்ணெய் போட்டு உருவினேன், ஒளித்துவிட்டேன் என்று.

அவன் என்னை வடிவாகப் பார்த்தான்.

"எங்களுக்குத் தெரியும்," என்றான்.

"எப்பிடி?"

"எப்பிடியோ? உன்ர எண்ணெய் மணம் அந்த அறையை விட்டு ஒரு கிழமையாப் போகேல்லை. அவன்ர காலிலயும் அதே மணம், உன்ர கோட்டிலயும் அதே மணம். தலைவருக்கும் மூக்கு இருந்ததுதானே."

"பிறகு ஏன் ஒருத்தரும் கேக்கேல்லை?"

"அண்டைக்குப் பின்னேரம் அவன் நொண்டி நொண்டி வந்து என்னட்டையும் தலைவரிட்டையும் சொன்னவன். அந்த மனுசனிட்ட ஒண்டும் கேக்காதேங்கோ, என்ர காலைத் தொட்டுப் பாத்தவன் இந்த ஊரில அவன் ஒருத்தன்தான் எண்டு." கோப்பியை என் பக்கம் தள்ளினான். "படிக்கட்டு, படிக்கட்டு எண்டு நான் வருசா வருசம் சொன்னது உன்னைச் சிரிக்க வைக்க இல்லை. இல்லை எண்டு நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். ஆனா நீ எப்பவுமே மெதுவாத்தானே ஓடுவாய்."

அங்கேயே அழுதேன். ஸ்வென் சுவரிலிருந்த உன் படத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தான், நான் முடிக்கும்வரை.

போத்தலை எறியவில்லை. அலுமாரியில் இருக்கிறது, பக்கத்தில் உன் தங்கையின் அட்டை. பேத்திக்கு இரண்டு கிழமை ஓய்வு. நேற்றுப் படம் இருக்கும் சுவருக்கு முன்னால் அவளை நிறுத்தி, உன் கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னேன். சப்பாத்துத் துடைத்ததிலிருந்து. எண்ணெயை விடவில்லை. அன்று வலைக்குள் போகவேண்டியவன் நான். நீ எனக்காகப் போய் எடுத்து, இத்தனை தூரம் கமக்கட்டில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறாய், என்னைத் திரும்பிப் பார்க்காமலே. இனி அதை என்னிடம் தா. மிச்சத் தூரம் நான் கொண்டுபோகிறேன்.