கழுகு வராத நாளில் நீ சொன்னது

தங்கை கமலாவைக் கட்டிக்கொண்டு மச்சான் ஆவதற்கு முன்பே எனக்குச் சிநேகிதனாக இருந்த ஏகாம்பரத்துக்கு,

செங்கல்பட்டு ஸ்டேஷன் நீ விட்டுப்போன மாதிரியேதான் இருக்கிறது. காலை வண்டியில் வெளியூர்க்காரர்கள் இறங்குகிறார்கள். பார்சல் ஆபீஸ் ஜன்னலில் தலையை நீட்டி, மகாபலிபுரம் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்கிறார்கள். பார்சல் குமாஸ்தாவுக்கும் பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம்? நீ இருந்தவரை, ஸ்டேஷன் வாசலில் வழிகாட்டியாக நின்ற உன் பக்கம் கையைக் காட்டிவிட்டு மூட்டைகளை எண்ணப் போய்விடுவேன். இப்போது நானே சொல்லி அனுப்புகிறேன். எல்லாம் நீ சொன்னதுதான், என் சொந்தச் சரக்கு ஒன்றும் கிடையாது.

வழியில் திருக்கழுக்குன்றத்தில் இறங்கிவிடுங்கள், உச்சிவேளைக்கு முன்னாலேயே மலை ஏறிவிடுங்கள் என்கிறேன். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் படி ஏறாதீர்கள். செருப்பைக் கீழே விட்டுவிட்டுத்தான் போகவேண்டும், ஆனால் இறங்கும்போது கல் கொதிக்கும், அதனால் நிழல் விழும் ஓரத்தைப் போகும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வாழைப்பழத்தைக் கையில் வைத்திருந்தால் அது குரங்குக்குத்தான். பண்டாரம் வைக்கும் பொங்கலை இரண்டு கழுகுகள் சாப்பிட வருவதைப் பார்த்துவிட்டு மகாபலிபுரம் போங்கள், வெயில் தாழ்ந்தபிறகு ஐந்து ரதம், அப்புறம் கடற்கரைக் கோயில். கடலில் கால் நனைக்கலாம், கோயிலை ஒட்டிய பாறைகளில் மட்டும் இறங்காதீர்கள், வழுக்கும்.

ஒரு வெள்ளைக்காரத் தம்பதி நேற்று இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தலையாட்டிக்கொண்டு போனார்கள். நீயாக இருந்தால் அவர்களை அப்படிச் சும்மா விட்டிருப்பாயா? 'உங்க ஊருக்கு நான் வந்தா எதை எப்படிப் பாக்கணும்' என்று எதிர்க்கேள்வி போட்டிருப்பாய். எகிப்தில் பிரமிடு பார்க்கப் போனால், ஒட்டகத்தில் ஏற்றிவிடுவதோடு இறக்கிவிடுவதற்கும் சேர்த்து முதலிலேயே கூலி பேசவேண்டும் என்று உனக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். பாரீஸ் கோபுரத்தில் மேலே காற்று அடிக்கும், தொப்பியைக் கீழேயே வைத்துவிட வேண்டுமாம். மதராஸைத் தாண்டாத மனுஷனுக்கு இது எதற்கு என்று உன்னைக் கிண்டல் செய்வேன். ஆனால் உன் பேச்சில் தப்புத் தகவல் ஒன்று இருந்ததில்லை. தெரியாததைத் தெரியாது என்பாய். அதனால்தானே வந்தவர்கள் ஊருக்குப் போய் அடுத்தவர்களை உன்னிடம் அனுப்பினார்கள்.

சரி, சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். கமலாவைப் பற்றித்தான்.

அவள் உன்னோடு மலை ஏறிய அந்த ஒரே நாள் உனக்கு நினைவிருக்கிறதா? ஊரையெல்லாம் கூட்டிப்போகிறாய், என்னை ஒருநாள் கூட்டிப்போகக் கூடாதா என்று வருஷக்கணக்கில் கேட்டவள். சேலத்துக் கூட்டம் ஒன்றோடு அவளையும் என்னையும் சேர்த்துக்கொண்டாய். பாதிப் படியில் நீ வானத்தைப் பார்த்துவிட்டு என் காதோடு சொன்னாய், "மேகம் மூடிகினு கீது மச்சான். இன்னிக்கு வராது." அதே நேரம் பின்னால் சேலத்து அம்மாள் ஒருத்தி கமலாவிடம், எத்தனை குழந்தைகள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இல்லை என்று கமலா சொன்னது எனக்குக் கேட்டது.

பண்டாரம் சர்க்கரைப் பொங்கலை வைத்துக்கொண்டு தட்டைத் தட்டித் தட்டிப் பார்த்தார். கழுகு வரவில்லை. கூட்டம் முகத்தைத் தொங்கப்போட்டது. அப்படிப்பட்ட நாட்களில் நீ வழக்கமாகச் சொல்வதை அன்றும் சொன்னாய். "வருத்தப்படாதீங்க. கழுகு வரலன்னா கூட்டத்துல யாரோ ஒரு பாவி கீறாங்கன்னு அர்த்தம். யாருன்னு அவங்களுக்கே தெரியும். வாங்க, மகாபலிபுரம் எங்கியும் ஓடிப்போவாது."

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவரையொருவர் கையைக் காட்டிக் கேலி செய்துகொண்டே இறங்கினார்கள். அந்தச் சேலத்து அம்மாள் மட்டும் திரும்பிக் கமலாவை ஒரு பார்வை பார்த்தாள். நீ முன்னால் போய்விட்டாய். அதை நீ பார்க்கவில்லை.

அடுத்து வந்த விஷக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. உன் காரியம் முடிந்த அன்று கமலா என்னிடம் சொன்னாள், "அந்தப் பாவி யாருன்னு அன்னிக்கே கழுகு சொல்லிடுச்சுண்ணா. நமக்குத்தான் புரியல." நான் மேகத்தைப் பற்றிச் சொன்னேன். நீ படியிலேயே என்னிடம் சொன்னதைச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "அப்ப ஏன் எல்லார் முன்னாடியும் அப்படிச் சொன்னாரு?" என்றாள். உனக்கு வேலை அது, வந்தவர்களைச் சிரிக்கவைத்து பஸ் ஏற்றவேண்டும் என்றேன். இதைவிட நல்ல பதில் உன்னிடம் இருந்ததா, ஏகாம்பரம்?

அன்றிலிருந்து யார் வெளியூர் கிளம்பினாலும் அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். கல்யாணத்துக்குப் போவதில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்குவதில்லை. ஊர் சொல்லி அவள் ஒதுங்கினால் ஊரோடு சண்டை போடலாம். அவளாகவே ஒதுங்கினால் யாரோடு சண்டை போடுவது?

ஒரே வழிதான் தெரிந்தது. அவள் உட்கார்ந்திருக்கும்போது கழுகு வந்து சாப்பிட்டுப் போவதை அவள் கண்ணால் பார்க்கவேண்டும். உன்னிடம் கற்றதையெல்லாம் வைத்துப் போன மாசியில் நாள் பார்த்தேன். மேகமில்லாத வானம், கூட்டமில்லாத கிழமை. கெஞ்சிக் கூத்தாடி அழைத்துப்போனேன். நிழல் ஓரமாக ஏற்றிப் பாறைக்கு நேரே உட்காரவைத்தேன்.

பண்டாரம் வந்தார், தட்டைத் தட்டினார். உச்சி தாண்டியும் வானம் வெறுமையாக இருந்தது. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை, நீ இருந்தால் தெரிந்திருக்கும். ஆந்திராவிலிருந்து வந்த கூட்டம் ஒன்றை அழைத்துவந்த புது ஆள் எழுந்து நின்றான். "வருத்தப்படாதீங்க" என்று ஆரம்பித்தான். உன் வாக்கியம், மச்சான், உன் இழுப்போடு. யாருன்னு அவங்களுக்கே தெரியும் என்பதுவரை அப்படியே.

கமலா எழுந்தாள். கையைப் பிடித்தேன். "விடுண்ணா, அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்து கீறாங்க. பாத்துட்டுப் போவட்டும்" என்று சொல்லிப் படியில் இறங்கினாள். அவள் பின்னால் போக நானும் எழுந்தேன். அப்போதுதான் கூட்டம் கத்தியது. இரண்டு கழுகும் வந்து பாறைமேல் இறங்கின.

எனக்கு அந்தப் பறவைகளைக் கல்லால் அடிக்கவேண்டும் போல் இருந்தது. கோயில் மலையில் நின்றுகொண்டு அப்படி நினைத்தேன்.

படியில் அவளைப் பிடித்தேன். அவள் அழவில்லை. வந்துச்சா என்று கேட்டாள். வரல என்றேன். மேலே அத்தனை சத்தம் கேட்டும் அப்படித்தான் சொன்னேன், எனக்கு வேறென்ன சொல்லத் தெரியும்? அவள் என் முகத்தைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். செங்கல்பட்டு வந்து சேர்ந்தோம். வீட்டு வாசலில் சொன்னாள், "இனிமே கூப்பிடாதண்ணா. அவரு பொய் சொல்லி நீ கேட்டு கீறியா? மலை ஏறுறதுலேர்ந்து கடல்ல இறங்குறது வரைக்கும், எங்கெங்கேர்ந்தோ வந்தவங்களுக்கு அவரு சொன்னது ஒண்ணாவது தப்பாப் போயிருக்கா? இது மட்டும் எப்படித் தப்பாப் போவும்?"

வாழ்நாளெல்லாம் அந்நியர்களிடம் நிஜத்தையே சொன்னாய். அந்த நிஜத்தை வைத்துத்தான் அவள் உன் ஒரு வேடிக்கைப் பேச்சை நம்புகிறாள். உன்மேல் எனக்குக் கோபம்தான். சொல்லிவிடுகிறேன், அழுகையும் வருகிறது.

அவளை அந்த மலைக்கு இனி அழைக்கமாட்டேன். ஆனால் ஒன்று செய்வேன். 'என் ஏகாம்பரம் ஒரே ஒரு பொய் சொன்னான், அதுவும் உன் முன்னாலேயே சொன்னான்' என்று அவளிடம் நான் இருக்கும்வரை சொல்லிக்கொண்டிருப்பேன். அவள் நம்பமாட்டாள். உன்னைப் பொய்யன் என்று அவள் ஒருநாளும் ஒப்புக்கொள்ளமாட்டாள். இருந்தாலும் சொல்வேன்.

கமலாவின் அண்ணனும் உன் மச்சானுமான
தணிகாசலம்