ஒரே பெயர்ப்பலகை, இரண்டு கடை

நவம்பர் 3, திங்கள்

காலையில் வெயில், மத்தியானம் மழை, சாயங்காலம் மறுபடி வெயில்.

ஆபீசில் எனக்குப் புது வேலை. இருபது வருஷமாக, துறைமுகத்திலிருந்து சரக்கை எடுத்துத் தரும் இந்தக் கிளியரிங் ஆபீசில் போனை எடுத்து, "உங்க கண்டெய்னர் இன்னும் துறைமுகத்துக்குள்ளதான் நிக்கி அண்ணாச்சி" என்று சொன்ன வாய்க்கு ஓய்வாம். இனி வாட்ஸ்அப்பில் கேட்டால் ஏஐ ஏஜென்ட் பதில் சொல்லும். வாடிக்கையாளர் விவரத்தை எடுக்க அதற்கு ஏழு டூல். ஒவ்வொன்றும் எதற்கு, எப்போது எடுக்க வேண்டும் என்று எழுதித் தர வேண்டியது நான்.

"அது இதப் படிச்சுதான் முடிவெடுக்கும். நேத்து வேலைக்குச் சேந்த ஆளுக்குச் சொல்லுத மாரி எழுதுங்க உமாக்கா" என்றார் மேனேஜர் ஜோன்ஸ்.

எனக்குப் பிடித்திருக்கிறது. கட்டுரைப் போட்டியில் பென்சில் பாக்ஸ் வாங்கினவளாக்கும்!

நவம்பர் 4

ஏழும் முடிந்தது. 'சரக்கு நிலவரம்: கடைப் பெயரைக் கொடுத்தால் எந்தக் கப்பல், என்றைக்கு வரும், எத்தனை டன் என்று தரும்.' ஒரே வரி, நறுக்கென்று. படிக்கப் படிக்கப் பெருமை.

நவம்பர் 6

பெருமை இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை.

ஏரல் முத்துக்கனி அன் சன்ஸ். சித்திரையில் அண்ணன் தாணுலிங்கமும் தம்பி சிவப்பிரகாஷும் பாகம் பிரிந்தார்கள். கடையைப் பிரித்தார்கள், குடோனைப் பிரித்தார்கள், அப்பா பெயரை மட்டும் இரண்டு பேருமே விடவில்லை. ஒரே தெரு, எதிரெதிர் கடை, ஒரே பெயர்ப்பலகை. பேச்சுவார்த்தை கிடையாது. இது எங்கள் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். போனை எடுத்ததும் நாங்கள் கேட்கிற முதல் கேள்வியே, "கிழக்க பாத்த கடையா, மேற்க பாத்த கடையா?" கிழக்கு என்றால் அண்ணன்.

நேற்று தம்பி, "நம்ம துவரை எப்ப வருது" என்று கேட்டிருக்கிறார். தன்னுடையதைத்தான் கேட்டார். ஏஜென்ட் கடைப் பெயரைப் போட்டுத் தேடி, அண்ணனுடைய கப்பல், தேதி, டன் எல்லாவற்றையும் சேர்த்து ஒப்பித்துவிட்டது. இன்றைக்கு ஏரல் சந்தை முழுக்க அதே பேச்சு. பதினோரு மணிக்குத் தாணுலிங்கம் அண்ணாச்சி போன்.

"என்னம்மா நெனச்சிட்டிருக்கிய? எஞ்சரக்கு வாரது எனக்கு முந்தி ஊருக்குத் தெரியுது. கையில கெடக்க துவரைய ஒருத்தனும் வாங்க மாட்டேங்கான், புதுசு வரட்டும்னு உக்காந்திருக்கான். இந்தக் கப்பல் எறங்கட்டும். பொறவு நான் வேற ஆபீஸ் பாத்துக்கிடுதேன்."

ஏளா உமா, ஏன் இப்படிப் பண்ணின? தெனம் வாய் ஓயாம கேக்குத கேள்வி — அத எழுதத் தோணலையே! எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அதுக்கும் தெரியும்னு நெனச்சிட்டேனே!

நவம்பர் 7

ஜோன்ஸ் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "பேரைப் போட்டா ரெண்டு கணக்கையும் தொறந்து காட்டுத மாரி வெச்சது எங்க தப்பு. அத நான் பூட்டுதேன். நீங்க எழுதுறத எழுதுங்கக்கா" என்றார். அதுவரைக்கும் அந்த டூல் நிறுத்தம்.

நவம்பர் 8, சனி

லீவுதான். சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து எழுதினேன்.

'சரக்கு நிலவரம். வாடிக்கையாளர் தன் சொந்தச் சரக்கைப் பற்றிக் கேட்டால் மட்டும் எடு. கடைப் பெயரை வைத்துத் தேடாதே. ஒரே பெயரில் பல கடைகள் உண்டு. செய்தி வந்த எண் எந்தக் கணக்கில் பதிந்திருக்கிறதோ அதை மட்டும் பார். எண் எந்தக் கணக்கிலும் இல்லையென்றாலும், இரண்டில் இருந்தாலும், விவரம் எதுவும் சொல்லாமல் ஆபீசுக்கு அனுப்பு. கேட்பவர் அண்ணனோ தம்பியோ மனைவியோ, இன்னொருவர் சரக்கைப் பற்றி வாய் திறக்காதே.'

படித்துப் பார்த்தால் போலீஸ் ஸ்டேஷன் போர்டு மாதிரி இருந்தது. கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'மரியாதையாக மறுத்து, சரக்குக்கு உரியவரிடமே கேட்டுக்கொள்ளச் சொல்.'

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "இம்புட்டுத் தெளிவா எனக்கு ஒரு நாளாவது மளிகை லிஸ்ட் எழுதித் தந்திருக்கியா?"

நவம்பர் 12

டூலைத் திறந்தாயிற்று. அதற்கு முன் ஜோன்ஸும் நானும் அண்ணனாக, தம்பியாக, மச்சானாகக்கூட மாறி மாறி முப்பது கேள்வி கேட்டோம். ஒன்றிலும் உளறவில்லை.

நவம்பர் 13

தாணுலிங்கம் அண்ணாச்சி சும்மா இருப்பாரா? கடைப் பையன் போனை வாங்கி, "சிவப்பிரகாஷ் பேசுதேன், எங்க அண்ணன் சரக்கு எப்ப வருது" என்று கேட்டிருக்கிறார். அது மறுத்துவிட்டது. உடனே எனக்குப் போன். "சொல்ல மாட்டேங்குதேம்மா!"

"சந்தோஷமா அண்ணாச்சி?"

"பாப்போம்" என்று வைத்துவிட்டார். மனசு இறங்கவில்லை இன்னும்.

நவம்பர் 19

அடைமழை. கடல் கொந்தளிப்பு. அண்ணாச்சியின் கப்பல் துறைமுகத்துக்கு வெளியிலேயே நிற்கிறது.

நவம்பர் 21, வெள்ளி

ஏஜென்ட் பேசினதையெல்லாம் காலையில் படிப்பதும் என் வேலைதான். ஆறரைக்குத் தம்பி வாய்ஸ் மெசேஜ்: "அண்ணன் சரக்குக் கப்பலுக்கு ஒண்ணும் ஆகலையே? துவரை நனையாம எறங்கிருமா?"

பதில்: 'மன்னிக்கவும். மற்றவருடைய சரக்கு பற்றி என்னால் சொல்ல இயலாது. அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.'

என்னமோ போலாகிவிட்டது. பாவம் அந்த மனுசன், பயந்துதானே கேட்கிறார்! நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? போனை எடுத்தேன். எடுத்து வைத்துவிட்டேன். வாய் திறக்காதே என்று எழுதினவளே நான்.

நவம்பர் 24, திங்கள்

கப்பல் நேற்று உள்ளே வந்தது. ஒரு மூட்டைகூட நனையவில்லை.

அண்ணாச்சி நேரிலேயே வந்தார். கையெழுத்தெல்லாம் போட்டு முடித்து, பையிலிருந்து இன்னொரு கட்டுக் காகிதத்தை எடுத்து வைத்தார். அடுத்த கப்பலுக்கு உண்டானது.

"வேற ஆபீஸ்னு சொன்னிய?"

"சொன்னேன்" என்றார். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். "வெள்ளிக்கிழமை தம்பி போன் பண்ணினாம்மா. ஏழு மாசங்கழிச்சு. துவரை நனைஞ்சிருச்சான்னு கேட்டான்." கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். "ஏன் எங்கிட்ட கேட்டாம்னுதான் தெரியல. இங்கன கேட்டிருந்தா சொல்லியிருப்பியளா?"

"சொல்லியிருக்க மாட்டோம் அண்ணாச்சி" என்றேன். அதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை.