சாய்ந்து நின்ற கருவி

வியாழக்கிழமை, காலை பத்து மணி

மாப்பிள்ளைக்கு,

நீங்களும் தங்கையும் நலம் என்பதை இன்று காலை அவள் வாயாலேயே கேட்டுவிட்டேன். அதனால் நலம் விசாரிக்கவில்லை. என் நலத்தை நீங்கள் விசாரித்து மூன்று வருடம் ஆகிறது. அதைப் பற்றியும் எழுதப் போவதில்லை.

என் எண்ணை உங்கள் போனில் தடுத்து வைத்திருப்பதால் கடிதம். உதிரிப் பாகங்கள் ஏற்றிக்கொண்டு மதியம் உங்கள் எரிவாயுக் கிணற்றுக்குக் கிளம்பும் வண்டியில் கொடுத்தனுப்புகிறேன். நேரில் உங்கள் கையில்தான் தர வேண்டும் என்றேன். என்ன சார், வக்கீல் நோட்டீசா என்று ஓட்டுநர் கேட்டார். குடும்ப விஷயம் என்றேன்.

விஷயம் இதுதான். புதுக் கிணற்றின் சிமெண்ட் சோதனைப் பதிவு திங்கட்கிழமை ஆவண அறைக்கு வந்தது. கிணற்றுச் சுவராக இறக்கிய கேசிங் குழாய்க்கும் பாறைக்கும் நடுவே சிமெண்ட் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். உள்ளே இறக்கும் கருவி ஒலி எழுப்பினால், சிமெண்ட் பிடித்த குழாயில் அது அமுங்கிவிடும், பிடிக்காத குழாய் மணி மாதிரி அடிக்கும். உங்கள் பதிவில் ஒலி எங்கும் அமுங்கித்தான் இருக்கிறது.

ஆனால் 1,840 மீட்டரிலிருந்து 1,910 வரை, ஒலி வந்து சேரும் நேரத்தைக் காட்டும் கோட்டைப் பாருங்கள். ஆறு மைக்ரோ விநாடி முன்னால் வருகிறது. கருவி குழாயின் நடுவில் நிற்கவில்லை, ஒரு பக்கச் சுவரில் சாய்ந்து நின்றிருக்கிறது. அப்படிச் சாய்ந்தால் ஒரு பக்க ஒலி முந்தும், மறு பக்க ஒலி பிந்தும். இரண்டும் சேராமல் பதிவில் பலவீனமாகத் தெரியும். அதை நீங்கள் சிமெண்ட் என்று படித்துவிட்டீர்கள். கீழே அலைப்படத்தில் கோடுகள் ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேராக ஓடுகின்றன. குழாய் இணைப்பு வரும் இடமெல்லாம் கூம்பு போல முறிகின்றன. சிமெண்ட் பிடித்த இடத்தில் இணைப்பு இப்படித் தெரியாது என்று வேலைக்குச் சேர்ந்த வருடம் எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான்.

காரணமும் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. வளைவில் கருவி இறங்காததால், அதை நடுவில் நிறுத்தும் வில்பட்டைகள் மூன்றில் இரண்டைக் கழற்றினோம் என்று உங்கள் ஆட்களே எழுதியிருக்கிறார்கள். நேர்மையாக எழுதியதை யாரும் படிக்கவில்லை.

அந்த எழுபது மீட்டருக்கு நேர் கீழேதான் வாயு இருக்கிறது. சனிக்கிழமை குழாயில் துளை போட்டுத் திறந்தால், அது குழாய்க்குள் மட்டும் ஏறாது. வெளிப்புற இடைவெளியிலும் ஏறும். நிலத்தடித் தண்ணீர் அடுக்கைத் தாண்டி நீங்கள் நிற்கும் தளத்துக்கே வரும்.

நேற்று முன்தினம் மேலாளரிடம் போனேன். உங்களை ஃபைல் அடுக்கத்தான் வைத்திருக்கிறது, படிக்க இல்லை என்று என்னிடம் சொன்னார். ஏழாம் கிணறு ஞாபகம் இருக்கா சார் என்றும் கேட்டார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

இருக்கிறது. பதினோரு வருடம் முன்பு ஏழாம் கிணற்றில் சிமெண்ட் இல்லை என்று ஒற்றைக் காலில் நின்றவன் நான். குழாய்க்குள் அழுத்தம் கொடுத்து இன்னொரு முறை பதிவு எடுக்கலாம் என்று நீங்கள் சொன்னதைக் கேட்கவில்லை. சிமெண்ட் ஏற்ற, நல்ல குழாயில் நான்கு ஓட்டை போட வைத்தேன். குழாய்க்கும் சிமெண்டுக்கும் நடுவே இருந்தது முடி நுழையும் இடைவெளி, அவ்வளவுதான். அழுத்தம் கொடுத்திருந்தால் மூடியிருக்கும். எங்க மச்சானுக்கு சிமெண்ட் மேலயும் சந்தேகம், சிமெண்ட் கலந்தவன் மேலயும் சந்தேகம் என்று அத்தனை பேர் முன்னால் சொன்னீர்கள். அன்றிலிருந்து அலுவலகத்தில் என் பெயர் 'சந்தேகம் சார்'. வேலை, ஜன்னல் இல்லாத இந்த ஆவண அறையில். நீங்கள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். மேலாளரிடம் ஒரு தடவை போனதோடு என் கடமை முடிந்தது என்று வைத்துக்கொண்டேன். பதிவை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். விசாரணை வந்தால் எந்தக் கோட்டை முதலில் காட்டுவது, உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று சாப்பிடும்போதுகூட யோசித்தேன். ருசியாகத்தான் இருந்தது. உங்கள் கிணறு தோற்பதை மட்டும்தான் நினைத்தேன். அங்கே ஆட்கள் நிற்பார்கள் என்பதை நினைக்கவில்லை. நினைக்காமல் பார்த்துக்கொண்டேன்.

இன்று காலை தங்கை பேசினாள். வழக்கம்போல ஒன்றுமில்லாத பேச்சு. வீட்டுக் குழாயில் தண்ணீர் வராதது, உங்கள் முட்டி வலி. பேச்சோடு பேச்சாக, சனிக்கிழமை அவரே முன்னால நிக்கப் போறாராம் அண்ணா, அவர் நின்னாத்தான் ஆளுங்களுக்கு தைரியமாம் என்றாள். பெருமையாகச் சொன்னாள். சரிம்மா என்று வைத்துவிட்டேன். அதன் பிறகு இழுப்பறையைத் திறந்து பதிவை வெளியே எடுத்தேன்.

என்னை நம்ப வேண்டாம். பதிவை எடுத்து அந்த நேரக் கோட்டை மட்டும் பாருங்கள். வில்பட்டைகள் மூன்றையும் மாட்டி, வளைவில் இறங்கவில்லை என்றால் சின்னக் கருவியை வரவழைத்து, அழுத்தம் கொடுத்தும் கொடுக்காமலும் இரண்டு முறை ஓட்டுங்கள். அதுவரை துளை வேண்டாம். நீங்களே கண்டுபிடித்ததாக எழுதுங்கள். என் பெயர் எங்கும் வேண்டாம், அது வந்தால் காரியம் கெடும். ஒருவேளை இந்த முறையும் நான் தவறு என்று வந்தால், தாராளமாகச் சபையில் சொல்லிச் சிரியுங்கள். நானும் வந்து உட்கார்ந்து கேட்கிறேன்.

தங்கையிடம் எதுவும் சொல்ல வேண்டாம். ஓட்டுநர் திரும்பும்போது, நிறுத்திவிட்டேன் என்று ஒரு வரி கொடுத்தனுப்புங்கள். கையெழுத்துகூடத் தேவையில்லை.

நீங்கள் நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும். அத்தனை காலமும் என் மேல் கோபமாகவே இருங்கள், பரவாயில்லை.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்