எட்டுக் கம்பியும் சூசையும்

ஜூலை 8, செவ்வாய்
மேற்கே இருந்து வரும் கச்சான் காற்று விடவில்லை. விளையாட்டுக் கழக மண்டபம் முழுக்க மணல். மேசைக் கால்பந்தின் எட்டுக் கம்பியையும் உலர்ந்த துணியால் துடைத்தேன். கம்பிப் பொம்மை ஒன்றுக்குக் கால் உடைவு. சூசையின் ஆள் அடித்த அடி, வேறென்ன.

சூசை என் தங்கச்சி புருசன். கழகத்தின் மற்றப் பயிற்சியாளன். அவன் பயிற்சி இரண்டே சொல்: இழு, அடி. மாட்டுக்குக்கூட இதைவிடக் கூடுதலாகச் சொல்வார்கள்.

ஞாயிறு பூசைக்குப் பிறகு அவன் ஆள் ராயப்புவும் என் ஆள் ஜெரினாவும் மோதல். வெல்பவர் மன்னார்ப் போட்டிக்கு. தோற்ற பயிற்சியாளன் மண்டபப் பூட்டின் திறப்பைக் கொடுத்துவிட்டு விலக வேண்டும். பதினொரு வருடம் என் இடுப்பில் கிடந்த திறப்பு.

வாங்க: சவர்க்காரம், தலையிடி மாத்திரை.

ஜூலை 10, வியாழன்
ஜெ. நண்டு வாடியில் சதை எடுக்கிறவள். விரல் அப்படி ஓடும். இன்று அவளுக்கு நான் சொன்னது: ராயப்பு பலமாக அடிப்பான், ஆனால் பின்னால் இழுக்க அவனுக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுக்காதே. பந்தை நிறுத்து, பக்கத்துப் பொம்மைக்குத் தள்ளு, அவன் கோல் காவல் நகர முதல் போடு.

சூசை வாசலில் நின்று கேட்டுவிட்டான்.

"என்ன மச்சான், தையல் வகுப்போ நடக்குது?"

"உனக்கு விளங்காதடா."

பல்லைக் கடித்துக்கொண்டு வீடு வந்தேன். சோறு இறங்கவில்லை.

வீடு வர முதல் நடந்த பயிற்சி ஆட்டத்தை எழுத மறந்தேன். ஜெ. 10, ராயப்பு 9. வெற்றிதான். ஆனால் ஒரே ஒரு கோல் வித்தியாசம். பயமாக இருக்கிறது. இதை ஒருவரிடமும் சொல்ல மாட்டேன்.

ஜூலை 12, சனி
பின்னேரம். எல்லோரும் கோயில் துப்புரவுச் சிரமதானத்தில். மண்டபத்தில் நான் மட்டும். வள்ளத்து எஞ்சின் கிறீஸ், சின்னப் பேணி. ஜெ. பிடிக்கும் நாலு கம்பிக்கும் பூசினேன். விரல் பட்டதும் ஓடின.

சுவரில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: "கம்பியில் எண்ணெய் பூசக் கூடாது." அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பூசினேன்.

மணம் போகவில்லை. சூசைக்கு நாய் மூக்கு. மேற்கு யன்னல் இரண்டையும் திறந்துவிட்டு வந்தேன்.

ஜூலை 13, ஞாயிறு
யன்னல் இரண்டும் திறந்தபடியே. விடிய விடியக் கச்சான் மணலைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறது. கிறீஸில் மணல் அப்பி, ஜெ.யின் நாலு கம்பியும் கறகற. ராயப்புவின் நாலும் ஒரு துடைப்போடு சுத்தம். என்னால் துடைக்கவும் முடியாது. துடைத்தால் துணி காட்டிக் கொடுக்கும்.

ஜெ. தள்ளத் தள்ளக் கம்பி அசைய மறுத்தது. 4–10.

சூசை கையை நீட்டினான். திறப்பு. "அழாத மச்சான்." நாசமாய்ப் போவான்.

சனம் ராயப்புவைச் சுற்றி நின்றது. ஜெ. கம்பியைத் தடவினாள். விரல் கறுப்பு. மணந்து பார்த்தாள்.

"அண்ணை, இது உங்கட வேலையோ?"

"ஓம்."

"வியாழக்கிழமை நான் வெண்டனான்தானே. அது உங்களுக்குக் காணாதோ?"

அவள் யாரிடமும் சொல்லவில்லை. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஜூலை 15, செவ்வாய்
காற்றுக் குறைவு. தலையிடி. மாத்திரை வாங்கப் போன வழியில் மண்டபம். சைக்கிளை நிறுத்தினேன். உள்ளே ஜெ. மண்ணெண்ணெய்த் துணியால் கம்பி துடைத்துக்கொண்டு மன்னாருக்குப் போகும் ராயப்புவுக்குச் சொல்கிறாள்:

"அடிக்காதேங்கோ அண்ணை. நிப்பாட்டுங்கோ. பக்கத்துக்குத் தள்ளுங்கோ. கோல் காவல் நகர முதல் போடுங்கோ."

என் சொல், ஒரு எழுத்துக் குறையாமல்.

சூசை: "அவள் சொல்லுறபடி செய்யடா!"

கதவு திறந்துதான் கிடந்தது. நான் உள்ளே போகவில்லை.